நிரந்தர வெள்ளிக்கிழமை

எனக்கு வந்த அரசுக் கடிதத்தில் 11.01.2047 என்று தேதி போட்டிருந்தது. அது என் வீட்டுக்கு வந்து சேர்ந்ததோ 2050 மே மாதம் நான்காம் தேதி. தபால்காரரைத் திட்டலாம் என்று வாயெடுத்தேன். உறையைத் திருப்பிப் பார்த்தால் தபால் முத்திரை முந்தாநாள் குத்தியது. அதாவது முந்தாநாள் உட்கார்ந்து எழுதி, மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதியைப் போட்டு, கண்காணிப்பாளர் கையெழுத்தும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

அனுப்பியது கொடிவேலம்பாளையம் இல்லக்காவல் அலுவலகம், தண்டனை பெற்றவர்களை அவரவர் வீட்டிலேயே காவலில் வைக்கிற இடம். 'லூமோவில் தாங்கள் கைதேர்ந்தவர் என அறிகிறோம். எமது அலுவலகக் கணினியில் தேதி மாறாமல் நிலையாக நிற்க ஆவன செய்து தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' எத்தனையோ கிறுக்கு வேலைகள் என்னைத் தேடி வந்திருக்கின்றன. காலத்தை நிறுத்தித் தரச் சொல்லி அதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

லூமோ என்றால் என்னவென்று இன்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டிச் சொல்லுகிற யோக்கியதை அதற்குக் கிடையாது. பிரவுசருக்குள் செருகிக்கொள்ளும் ஒரு சின்ன நிரல், அவ்வளவுதான். அதைச் செருகினால் திரையில் தட்டையாகக் கிடக்கும் படம் ஒரு சாண் உயரத்துக்கு எழுந்து வெளியே நிற்கும். முதலில் கல்யாணப் பத்திரிகைக்குத்தான் பயன்பட்டது. பத்திரிகையைத் திறந்தால் மாப்பிள்ளையும் பொண்ணும் பொம்மையாக எழும்பி, கைகூப்பி, 'அவசியம் வந்துருங்க' என்பார்கள். ஊரே வாயைப் பிளந்தது. அப்புறம் விளையாட்டு, அப்புறம் பள்ளிப் பாடம், அப்புறம் வங்கி, அணைக்கட்டு, ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றிலும் கொண்டுபோய்ச் செருகினார்கள். பொம்மை காட்ட வந்த சாமானை நம்பி அணையின் மதகைத் திறந்தவர்கள் நம் ஆட்கள்.

லூமோவில் வாரத்துக்கு ஒரு ஓட்டை விழும். அந்த ஓட்டைகளை அடைக்கிற பாதுகாப்புப் பிரிவில், கோயம்புத்தூர் கிளையில், பதினோரு வருஷம் குப்பை கொட்டியவள் நான், சுபாஷினி. கடைசியில் ஃபோன் தயாரிக்கிற கம்பெனிகள் இந்தச் சனியனே வேண்டாம் என்று தள்ளிவிட்டன. எங்கள் கம்பெனியும் கை கழுவியது. சும்மா கழுவவில்லை. கடைசிப் பதிப்புக்குள் ஒரு சாவுத் தேதியை எழுதி வைத்தது. 2047 ஜனவரி 12 விடிந்தால் லூமோ உலகத்தில் எங்கும் ஓடாது. மூன்று வருஷம் முன்னாலேயே இதைத் தண்டோரா போட்டார்கள். தனியார்காரர்கள் வேறு வழிக்கு மாறினார்கள். அரசு அலுவலகங்கள் கோப்பு திறந்தன.

ஒரு விஷயம் எங்கள் பிரிவுக்கு அப்போதே தெரியும். கணினியின் தேதியைப் பின்னால் தள்ளி வைத்தால் லூமோ ஏமாந்துவிடும், ஓடும். அதை அடைக்கலாமா என்று ஒரு கூட்டம் கூடப் போட்டோம். தினமும் தேதியைத் திருப்பிக்கொண்டு எந்த மடையன் உட்கார்ந்திருப்பான் என்று சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனோம்.

மறுநாள் காலை கொடிவேலம்பாளையம் போய் இறங்கினேன். அலுவலக வாசலிலேயே சாம்பிராணி வாசனை தூக்கியது. உள்ளே கணினிக்கு விபூதிப் பட்டை அடித்து, பொட்டு வைத்து, பூ சாத்தியிருந்தார்கள். சுவரில் தினசரி காலண்டர். 2047 ஜனவரி 11, வெள்ளிக்கிழமை. தாள் கிழிந்துவிடக் கூடாது என்று அதற்குப் பிளாஸ்டிக் உறை வேறு போட்டிருந்தார்கள்.

"இன்னைக்கு வியாழக்கிழமைதானே?" என்று கேட்டேன்.

"வெளியில வியாழனுங்க. ஆபீசுல வெள்ளிங்க," என்றார் கண்காணிப்பாளர் சதீஷ்குமார். வழுக்கைத் தலை, நன்றாக மை போட்ட மீசை. "சிஸ்டத்துல வெள்ளின்னு இருக்கறப்ப பூசை போடாம எப்படீங்க இருக்கறது? டெய்லியும் போட்டர்றமுங்க. கவுச்சியும் ஆபீசுக்குள்ள கொண்டாரதில்லீங்க."

"மூணு வருஷமாவா?"

"ஆச்சுங்க. ஒடம்புக்கும் நல்லாத்தானுங்க இருக்குது," என்று வயிற்றைத் தடவிக்கொண்டார்.

வருகைப் பதிவேட்டை எடுத்துக் காட்டினார். பக்கம் பக்கமாக ஒரே தேதி. ஏழு பேர், ஏழு கையெழுத்து, ஆயிரத்து இருநூறு தடவைக்கு மேல் ஜனவரி பதினொன்று. ஞாயிறும் கிடையாது, பண்டிகையும் கிடையாது, முறை வைத்து வந்து போகிறார்கள். பொங்கலுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்று வருஷக்கணக்காகக் காத்துக் கிடக்கும் ஒரு கூட்டத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தேதியைத் திருப்புவது தட்டச்சர் ரேவதியின் வேலை. தினமும் மாலை ஐந்து மணிக்கு, வீட்டுக்குக் கிளம்பும் முன், கடிகாரத்தைப் பத்தாம் தேதி மாலைக்குத் தள்ளி வைத்துவிட்டுப் போவாள், விடிந்தால் மறுபடியும் பதினொன்று. "போன மாசம் ஒரு நாள் மறந்தே போச்சுங்க மேடம். பஸ்ஸு பாதி தூரம் போனதுக்கப்புறம் நெனப்பு வந்து, எறங்கி ஓடியாந்தேனுங்க. எனக்கு மூட்டு வலி வேற. அதனாலதானுங்க உங்களைக் கூப்பிட்டது," என்றாள்.

"புது மென்பொருள் வாங்க வேண்டியதுதானே?"

"டெண்டர் விட்டிருக்குதுங்களே!" சதீஷ்குமாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இதே சிஸ்டத்துலதானுங்க ஏத்தியிருக்கறோம். கடைசி நாள் பிப்ரவரி பத்துங்க. கடைசி நாள் வந்தாத்தானுங்களே கவரைத் திறக்க முடியும்?"

அவர் முகத்தை உற்றுப் பார்த்தேன். மனிதர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே பிப்ரவரி பத்துக்காகக் காத்திருந்தார்.

"தலைமை அலுவலகத்துல யாரும் கேக்கலையா?"

"டெய்லியும் அறிக்கை போகுதுங்க. 'கைதிகள் ஒன்று, மீறல் இல்லை'ன்னு. பதில் வர்றதில்லீங்க. பதில் வர்லீன்னா எல்லாஞ் சரின்னுதானுங்க அர்த்தம்."

"கைதிகள் ஒன்றா?"

"ஒண்ணுதானுங்க." கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொன்னார். "மொதல்ல பதினோரு பேரு இருந்தாங்க. பத்துப் பேரும் ஜனவரிக்கு முன்னாடியே முடிச்சுட்டுப் போய்ட்டாங்க. தேதி நின்னதுக்கப்புறம் புதுத் தீர்ப்பை சிஸ்டத்துல ஏத்த முடியலீங்களே, கோர்ட்டுல எல்லாரையும் வெளியூர் ஜெயிலுக்கே அனுப்பிடறாங்க."

ஏழு பேர், ஒரு கட்டடம், ஒரு ஜீப், ஒரு கைதி. அந்தக் கைதியை மேசைக்கு மேல் எழுப்பிக் காட்டினார். லூமோ தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. ஒரு சாண் உயரத்தில் ஓட்டு வீடு ஒன்று எழுந்து நின்றது. அதற்குள் சிவப்பாக ஒரு புள்ளி, அசையாமல் ஒரு மூலையில். கீழே எழுத்துகள்: தன்விகா, வயது 27. தண்டனை 240 நாள். கழித்தது 233. மீதம் 7.

அந்தக் கடைசி எண்ணின் மேல் விரலை வைத்தேன். "மீதம் ஏழு," என்றேன்.

"ஆமாங்க, ஏழுதான்."

"மூணு வருஷமா ஏழா?"

சதீஷ்குமார் சாம்பிராணிப் புகையைப் பார்த்தார். ரேவதி தன் முழங்காலைப் பார்த்தாள். அந்த அறையில் இருந்த ஏழு பேரில் ஒருத்தர் கூட என் கண்ணைப் பார்க்கவில்லை.

தேதியை நிரந்தரமாக நிறுத்துவதென்றால், இந்தக் கணினியின் தேதியைப் பார்த்து ஓடுகிற, கைதியின் காலில் மாட்டிய கண்காணிப்புப் பட்டையையும் சோதிக்க வேண்டும் என்று சொல்லி, ரேவதியைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். நடந்தால் பத்து நிமிஷம். வழியில் ஓடை குறுக்கிட்டது. அன்றைக்கு அது கத்தரிப்பூ நிறம்.

"இதுக்குத்தானுங்க அந்தப் புள்ள உள்ள இருக்குது. சாயப்பட்டறைக் குழாய் ஓடைக்குள்ள வந்து விழுகுதுன்னு, ஒரு மூட்டை சிமென்ட்டைக் கரைச்சுக் குழாய்க்குள்ள ஊத்தி அடைச்சுப்போட்டுது," என்றாள் ரேவதி.

"குழாய்?"

"அடுத்த நாளே ஒடைச்சு விட்டுட்டாங்க."

தன்விகா கட்டிலில் உட்கார்ந்து இடது காலைத் தலையணை மேல் நீட்டி வைத்திருந்தாள். மெலிந்த பெண். நான் யாரென்று ரேவதி சொல்வதற்கு முன்னாலேயே, "தேதி நிறுத்தறதுக்கு வந்த மேடமுங்களா?" என்று கேட்டாள். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

பட்டை கணுக்காலுக்கு மேல் இருந்தது. சொல்ல நன்றாக இல்லை, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். பட்டையைச் சுற்றிலும் தோல் கறுத்து, புண்ணாகி, நீர் கசிந்துகொண்டிருந்தது. பாதம் முழுக்க வீங்கியிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் யாரும் போடக் கூடாது என்று செய்த பட்டை அது, செய்தவர்களுக்குத் தெரியும்.

"டாக்டர் பார்த்தாரா?"

"பார்த்தாருங்க. இந்த மாசத்துக்குள்ள பட்டையைக் கழட்டலீன்னா காலை எடுக்க வேண்டி வரும்னாரு. நீங்களே கழட்டுங்கன்னேன். விடுதலை உத்தரவு இல்லாமக் கழட்டுனா என்ற லைசென்ஸே போயிரும்னுட்டுப் போய்ட்டாரு."

"வெட்டிப்போட்டுட்டு ஓடியிருக்கலாமே கண்ணு," என்றேன்.

"வெட்டுனாக் காவல் மீறல், அஞ்சு வருசம். அந்த வாசக் குழாயைத் தாண்டுனாலே பட்டை ஷாக்கடிச்சு, கால் அரைமணி நேரத்துக்கு மரக்கட்டையாட்டப் போயிருதுங்க. எங்கம்மாவை நாலு தெரு தள்ளி இருக்கற ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. நான் குழாய் வரைக்கும் போய் விழுந்தேன். தூக்கிட்டு வந்து உள்ள போட்டாங்க. மறுபடியும் போனேன், மறுபடியும் விழுந்தேன். அம்மா செத்ததுக்கப்புறம் போறதை விட்டுட்டேன்."

கோர்ட்டுக்கு எழுதவில்லையா என்று கேட்டேன். தலைமாட்டிலிருந்து ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினாள். ஒன்பது மனுக்கள், ஒன்பது பதில்கள். ஒவ்வொரு தடவையும் கோர்ட்டு இல்லக்காவல் அலுவலகத்தைக் கேட்டிருக்கிறது. அலுவலகம் கணினியைப் பார்த்து, மீதம் ஏழு நாள் என்று எழுதியிருக்கிறது. தண்டனைக் காலம் முடியும் முன்பே தாக்கல் செய்யப்பட்ட மனு என்று கோர்ட்டு தள்ளிவிட்டிருக்கிறது. ஒன்பது நீதிபதிகள் படித்தவர்கள்தானே, ஒருத்தராவது காலண்டரைப் பார்த்திருக்கக் கூடாதா?

எனக்கு அப்போது வேலை சுலபமாகவே தெரிந்தது. லூமோவின் சாவுத் தேதியை அழித்துவிட ஐந்து நிமிஷம் போதும். அழித்துவிட்டு உண்மைத் தேதியை வைத்தால் மீதம் ஏழு என்பது எப்போதோ முடிந்த கதையாகிவிடும், பட்டை திறந்துகொள்ளும். எதற்கும் பட்டையின் உள்கணக்கைப் பார்த்துவிடலாம் என்று கையிலிருந்த வாசிப்பானை அதன் மேல் வைத்தேன். ஒரு வரி வந்தது.

கடிகாரத்தைத் திருப்ப முயற்சி: 1210.

எனக்கு அந்த வரி நன்றாகத் தெரியும். இந்தப் பட்டைக்கான ஒப்பந்தம் எங்கள் பாதுகாப்புப் பிரிவுக்கு வந்தபோது அந்த விதியை எழுதியவளே நான்தான். கைதி தண்டனையைச் சீக்கிரம் முடிப்பதற்காகக் கடிகாரத்தில் கை வைக்கக்கூடும். ஆகவே கடிகாரம் முன்பின்னாகக் குதித்தால் ஒவ்வொரு குதிப்புக்கும் பத்து நாள் கூடுதல் காவல். அதுவரை வராத புதுத் தேதி பிறக்கும் நேரத்தில் அத்தனையும் கூட்டிக்கொள்ளப்படும். யாரும் அழிக்க முடியாதபடி பட்டையின் சில்லுக்குள்ளேயே பூட்டி வைத்தேன். அதற்காக எனக்கு ஒரு கேடயம் கூடக் கொடுத்தார்கள்.

ரேவதி தினமும் மாலை ஐந்து மணிக்குத் திருப்பிய ஒவ்வொரு திருப்பலும் இந்தப் பெண்ணின் தலையில் விழுந்திருக்கிறது. பதினோராம் தேதி முடியாமலே இருப்பதால்தான் அது இன்னும் கூட்டப்படவில்லை. அடுத்த ஒரு தேதி பிறந்தால், அது உண்மையான மே ஐந்தாக இருந்தாலும் சரி, பொய்யான ஜனவரி பன்னிரண்டாக இருந்தாலும் சரி, பன்னிரண்டாயிரத்து நூறு நாள் சேரும். முப்பத்துமூன்று வருஷம்.

"என்னங்க, மூஞ்சி மாறிப்போச்சு?" என்றாள் தன்விகா.

"ஒண்ணுமில்ல கண்ணு. வந்தர்றேன்," என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பொய் சொல்ல எனக்கும் நன்றாக வருகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி சதீஷ்குமாரைப் பிடித்து உலுக்கினேன். "யோவ், ஒரு பொண்ணோட கால் அழுகிட்டிருக்கு. இங்க நீங்க கம்ப்யூட்டருக்குச் சாம்பிராணி போட்டுட்டு இருக்கீங்க!"

"கத்தாதீங்க மேடம், வெள்ளிக்கிழமையும் அதுவுமா."

"மூணு வருஷமா உள்ள வெச்சிருக்கோம், தப்பாப் போச்சுன்னு தலைமை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க."

"எழுதறதுல ஒண்ணுமில்லீங்க. எழுதுனா அந்தப் புள்ள போயிரும்." குரலைத் தணித்துக்கொண்டார். "அந்தப் புள்ள போய்ட்டா கைதி இல்லீங்க. கைதி இல்லீன்னா ஆபீசு எதுக்குங்க? மூடிப்போடுவாங்க. ஏழு பேருங்க. அதுவும் எனக்கு இந்த ஜனவரி முப்பத்தொண்ணோட ரிட்டயர்மென்ட்டுங்க. அதுக்கு இருபது நாள் முன்னால நின்ன தேதி, அப்படியே நிக்குது. ஓய்வு பெறுவோர் பட்டியலை நாங்கதானுங்க அனுப்போணும், அனுப்ப வேண்டிய நாளே வர்லீங்களே."

"அறுபத்துமூணு வயசாச்சு உங்களுக்கு!"

"சிஸ்டத்துல அம்பத்தொம்பதுதானுங்க." மீசையை நீவிக்கொண்டார். "மேடம், உங்களுக்குப் புரியாதுங்க. ஆபீசுல இருக்கற வரைக்குந்தானுங்க வூட்டுல ஒரு வாய் காப்பி மரியாதையாக் குடுப்பாங்க."

ஒரு வாய் காப்பி. அதற்காக ஒரு பெண்ணின் கால். அடித்துவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்தக் கணினியில் தேதியை மாற்ற அவருடைய கைரேகை வேண்டும், அது அவர் விரலில் இருந்தது. மேசைக்கு மேல் எழுந்து நின்ற அந்த ஓட்டு வீட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பட்டை தயாரித்த காலத்துச் சங்கதி ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. ஒரு நாள் சோதனைக் கூடத்தில் எவனோ கணினியின் தேதியைத் தவறாகப் பழைய மாதத்துக்கு வைத்துவிட்டான். எங்கள் ஆட்களின் காலில் மாட்டியிருந்த பட்டைகள் எல்லாம் பட்பட்டென்று திறந்துகொண்டு விழுந்தன. ஆளுக்கு மாட்டிய தேதிக்கு முன்னால் அது கைதியின் பட்டை கிடையாது. கடைச் சரக்கு.

தன்விகாவுக்குப் பட்டை மாட்டிய நாளைப் பார்த்தேன். 2046 மே 24.

முன்னால் போனால் முப்பத்துமூன்று வருஷம். பின்னால் போனால்? இந்த ஏழு பேருக்கும் பின்னால் போகத்தானே தெரியும். இன்னும் கொஞ்சம் போகட்டுமே.

"சதீஷ்குமார் சார்," என்று குரலில் தேனைத் தடவினேன். "பதினொண்ணாந்தேதியை நிரந்தரமா நிறுத்தறதுல ஒரு சிக்கல் இருக்கு. சாவுத் தேதிக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கீங்க. ஒரு நாள் தவறுனா எல்லாம் போச்சு."

"அய்யோ, அதானுங்க எங்களுக்கும் பயம்!"

"கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம். 2046 மே பதினெட்டு."

யோசித்தார். "என்ன கெழமைங்க?"

"வெள்ளி."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி பரவியதைப் பார்க்க வேண்டுமே! "அப்ப எனக்கு..."

"எட்டு மாசம் வயசு குறையும். அம்பத்தொம்பது வருஷம் நாலு மாசம்."

"கைதிங்க?"

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். அந்தத் தேதியில் யார் யார் காவலில் இருந்தார்கள் என்று தேடி, திரையில் எழுப்பிக் காட்டினேன். மூன்று பேர். மூன்று பேரும் அப்புறம் தண்டனையை முடித்து, காகிதத்தில் விடுதலை உத்தரவும் வாங்கிக்கொண்டு எங்கெங்கோ போய்ப் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய பட்டைகள் இதே அலுவலகத்தின் பீரோவில் கிடக்கின்றன. தேதி திரும்பினால் அந்த மூன்றும் கணினிக்குக் கைதிகளாகிவிடும்.

"ஒண்ணு இருந்த இடத்துல மூணு கைதி. எல்லாரும் பீரோவுக்குள்ள. குழாயைத் தாண்ட மாட்டாங்க, மனுப் போட மாட்டாங்க, ஆஸ்பத்திரி கேக்க மாட்டாங்க. 'கைதிகள் மூன்று, மீறல் இல்லை'ன்னு ஆயுசுக்கும் அறிக்கை அனுப்பலாம்," என்றேன்.

அந்த மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. "இத்தனை நாளா நீங்க எங்கீங்க இருந்தீங்க?" என்றார். பின்னால் இருந்த ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அவர்கள் பாதுகாத்துவந்த அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று ஒரு வாய் கூடத் திறக்கவில்லை. ரேவதி மட்டும் மெல்ல, "அப்ப அந்தப் புள்ளைங்க?" என்றாள். "அது கணக்குலயே இல்ல," என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு பூசைத் தட்டை எடுத்து வைத்தாள்.

கடிதத்தில் கேட்ட வேலையை அப்படியே செய்து கொடுத்தேன். மே பதினெட்டு முடியும் நேரத்தில் கடிகாரம் தானாகவே மே பதினெட்டின் தொடக்கத்துக்குத் திரும்பும். யாரும் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவர வேண்டாம். அந்த ஏற்பாட்டை இன்னொருத்தர் கழற்ற முடியாதபடி பூட்டினேன். பூட்டுவதில் நான் கெட்டிக்காரி. சதீஷ்குமார் விரலை வைத்தார், தேதி மாறியது. மேசைக்கு மேல் இருந்த ஓட்டு வீடு மறைந்து, அந்த இடத்தில் மூன்று வீடுகள் எழுந்தன. சதீஷ்குமார் கற்பூரம் ஏற்றினார்.

நான் ஓட்டமும் நடையுமாகத் தன்விகாவின் வீட்டுக்குப் போனேன். பட்டை திறந்து தரையில் கிடந்தது. அவள் அதைத் தொடாமல், கட்டிலில் இருந்தபடியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தானா விழுந்துச்சுங்க. நான் கையே வெக்கல. சாமி சத்தியமா நான் கை வெக்கல," என்றாள்.

"தெரியும் கண்ணு. நான்தான் விழ வெச்சேன். கிளம்பு, ஆட்டோ சொல்லியிருக்கேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

அவள் எழவில்லை. அவ்வளவு நேரம் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டிருந்ததை அங்கேயே கொட்டினேன். ஆயிரத்து இருநூற்றுப் பத்துத் திருப்பல்கள், முப்பத்துமூன்று வருஷம், பட்டைக்குள் பூட்டிய விதி, எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த விதியை எழுதுனது நான்தான். கடிகாரத்தை யாராவது திருப்புனா அது கால்ல மாட்டியிருக்கறவங்க வேலையாத்தான் இருக்கும்னு எழுதுனேன். ஆபீசே திருப்பும்னு எனக்குத் தோணவே இல்ல."

"தோணியிருந்தா?"

"வேற மாதிரி எழுதியிருப்பேன்."

"எழுதியிருக்க மாட்டீங்க," என்றாள், வெகு சாதாரணமாக. "ஆபீசுதானுங்களே உங்களுக்கு வேலை குடுத்துச்சு."

காலையிலிருந்து ஊரில் உள்ள அத்தனை பேரையும் மட்டம் தட்டிக்கொண்டு திரிந்த நான், குனிந்து அவளுடைய செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். இடது கால் செருப்புக்குள் நுழையவில்லை. வெறுங்காலோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"விட்டாச்சுன்னு காயிதம் குடுப்பாங்களா?"

"குடுக்க மாட்டாங்க. உன்னை இன்னும் புடிக்கவே இல்லைன்னு ஆக்கி வெச்சிருக்கேன். அந்த ஆபீசுல இனிமே எப்பவும் 2046 மே பதினெட்டுதான். நீ புடிபட்டது இருபத்துநாலு."

வாசல் வரை நொண்டிக்கொண்டு வந்தவள் நின்றாள். "ஒருவேளை அங்க இருபத்துநாலு வந்துருச்சுன்னா?"

"பட்டை உன் கால்ல இல்லைன்னு சிஸ்டம் பார்க்கும். காவலை மீறி ஓடிப்போனவள்னு வாரண்ட் வரும்."

"அப்ப அந்த ஆபீசை யாரும் திருத்தக் கூடாது."

"கூடாது."

"புது மெசினு வரக் கூடாது. அந்தச் சதீஷ்குமார் ரிட்டயர் ஆகக் கூடாது. யாரும் வந்து ஏன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாது."

"ஆமா."

தன்விகா குழாயடிக்கு வந்து, ஈரத் தரையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு சிரித்தாள். மூன்று வருஷம் சிரிக்காதவளின் சிரிப்பு, கேட்க நன்றாக இல்லை. "எங்கம்மாவைப் பார்க்க உடாத அந்த ஏழு பேரும் நல்லா இருக்கோணும்னு நான் சாமி கும்பிடோணுமுங்களா?"

"ஆமா கண்ணு," என்றேன். வேறென்ன சொல்வது? அவள் வலது காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள்.

கால் பிழைத்துவிட்டது, இரண்டு விரல் மட்டும் போயிற்று. அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாள் என்று நான் எழுதமாட்டேன். கும்பிடுகிறாளா என்று கேட்டதும் இல்லை. நான் கும்பிடுகிறேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த ஏழு பேருக்கும் நீண்ட ஆயுள் கிடைக்கவும், அந்த அலுவலகத்துக்கு ஒரு குறையும் வராமலிருக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.